சட்டமா, அதிகாரியா, தீர்ப்பா? ஆறு நாட்டு அரசமைப்பு நீதிக்கு ஒரு மனுதாரர் மதிப்புரை

அரசமைப்பு நீதிமன்றங்களை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் தீர்ப்புகளைத்தான் ஒப்பிடுகிறார்கள். மார்பரி, லூட், கேசவானந்த பாரதி என்று புகழ்பெற்ற வழக்குகளின் பெயர்களை அடுக்கி, எந்த நீதிமன்றத்துக்குத் துணிச்சல் அதிகம் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். மனுவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவருக்கு அது உதவாது. தன் குறையை இந்த நீதிமன்றம் வாங்குமா, எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும், வக்கீல் இல்லாமல் ஆகுமா, எந்த மேசையில் மனு திரும்பி வரும், ஜெயித்தால் கையில் என்ன கிடைக்கும் என்பதுதான் அவர் கேள்வி. இந்த மதிப்புரை அந்தப் பக்கம் நின்று எழுதப்பட்டது.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். உரிமை பறிபோவது மூன்று இடங்களில். சட்டமே கோணலாக எழுதப்பட்டிருக்கலாம். சட்டம் நன்றாக இருந்தும் அதிகாரி கோணலாக நடந்திருக்கலாம். சட்டமும் அதிகாரியும் சரியாக இருந்து, வழக்கை விசாரித்த நீதிபதியின் தீர்ப்பு உரிமையை மிதித்திருக்கலாம். அரசமைப்பு நீதி என்று பலகை மாட்டிய எல்லா இடத்திலும் இந்த மூன்றையும் பார்ப்பார்கள் என்று நினைப்பதில்தான் பாதி மனுக்கள் வீணாகின்றன. ஓய்வூதியம் மறுக்கப்பட்ட ஒரு முதியவரைக் கற்பனை செய்துகொண்டு நாடு நாடாகப் போவோம்.

பிரான்சையும் இலங்கையையும் சேர்த்தே பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒன்று செய்வதை மற்றது செய்யாது.

பிரான்சின் அரசமைப்பு மன்றம் 1958இல் அமைந்தபோது குடிமக்களுக்கு அங்கே வேலையே இல்லை. சட்டம் வெளியாகும் முன் குடியரசுத் தலைவர், பிரதமர், இரு அவைகளின் தலைவர்கள் கேட்டால் மட்டும் அது பார்க்கும். 1974இல் 60 கீழவை உறுப்பினர்களோ 60 செனட்டர்களோ கேட்கலாம் என்று விரித்தார்கள். நடைமுறைக்கு வந்துவிட்ட சட்டத்தைக் குடிமகன் கேள்வி கேட்கும் வழி 2010 மார்ச் 1 அன்றுதான் திறந்தது. 'முன்னுரிமை அரசமைப்புக் கேள்வி' என்பது அதன் பெயர். பிரெஞ்சு வக்கீல்கள் சுருக்கமாக 'கியூ-பே-சே' என்பார்கள்.

வழிமுறை இது. முதியவர் நேராகப் பாரிஸுக்குப் போக முடியாது. ஏற்கெனவே நடக்கும் ஒரு வழக்கு வேண்டும். அந்த வழக்கில், மற்ற வாதங்களோடு கலக்காமல், தனித் தாளில், காரணங்களோடு கேள்வியை எழுதிக் கொடுக்க வேண்டும். வாதுரையின் நடுவே ஒரு பத்தியாகச் செருகினால், எவ்வளவு நல்ல வாதமாக இருந்தாலும் ஏற்க மாட்டார்கள். முதல் தடவை முயல்பவர்கள் சறுக்குவது இங்கேதான். நீதிபதி தாமாக முன்வந்து கேள்வியை எழுப்பவும் கூடாது. தரப்பினர் கேட்டால்தான் உண்டு. பிறகு மூன்று சோதனை: அந்தச் சட்டப்பிரிவு இந்த வழக்குக்குப் பொருந்துகிறதா, முன்பே அரசமைப்புக்கு உகந்தது என்று மன்றம் சொல்லிவிட்டதா, கேள்வியில் கனம் இருக்கிறதா. தேறினால் நிர்வாக வழக்குகள் அவற்றின் தலைமை நீதிமன்றமான கோன்செய் தெத்தாவுக்கும், மற்றவை உரிமையியல், குற்றவியல் வழக்குகளின் தலைமை நீதிமன்றமான காசாசியோன் நீதிமன்றத்துக்கும் போகும். அங்கே 3 மாதம். அவர்கள் அனுப்பினால் அரசமைப்பு மன்றத்தில் இன்னொரு 3 மாதம். இந்த நேர ஒழுங்கு பிரான்சின் பெரிய பலம். கேள்வி மேலே போன நாளிலிருந்து அரையாண்டுக்குள் பதில் வரும் என்று கட்சிக்காரரிடம் நாளைக் காட்டிச் சொல்லக்கூடிய நாடுகள் அதிகம் இல்லை.

ஆனால் மன்றம் பார்ப்பது சட்டத்தை மட்டுமே. முதியவரின் கோப்பை அதிகாரி வேண்டுமென்றே முடக்கினார் என்றால் அது நிர்வாக நீதிமன்றத்தின் வேலை. சட்டமே அவரைப் பிரித்து வைத்தது என்றால்தான் இந்தக் கதவு. மன்றம் 2010 மே 28 அன்று கொடுத்த முதல் கியூ-பே-சே முடிவே ஓய்வூதியத்தைப் பற்றியதுதான்: பிரான்சுக்காகப் போரிட்ட முன்னாள் காலனி நாட்டவரின் ஓய்வூதியத்தை உறையவைத்த சட்டங்கள். ஒரே வெளிநாட்டில் குடியிருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் வெளிநாட்டவருக்கும் வேறு வேறு தொகை கொடுப்பது சமத்துவத்துக்கு முரண் என்றது மன்றம்.

ஜெயித்தால் உடனே பலன் உண்டா என்பதுதான் பிரான்சில் இடிக்கும் இடம். சட்டப்பிரிவு எந்தத் தேதியிலிருந்து ஒழியும் என்பதை மன்றமே தீர்மானிக்கும், தள்ளியும் போடும். அந்த முதல் வழக்கில் 2011 ஜனவரி 1 வரை அவகாசம் கொடுத்தாலும், நிலுவையில் இருந்த வழக்குகள் புதிய சட்டத்துக்காகக் காத்திருக்கட்டும் என்று சொல்லி மனுதாரரைக் காப்பாற்றினார்கள். இரண்டு மாதம் கழித்து, போலீஸ் காவலில் வக்கீல் உதவி பற்றிய ஜூலை 30 முடிவில் அப்படிச் செய்யவில்லை. விதிகள் அரசமைப்புக்கு முரண், ஆனாலும் 2011 ஜூலை 1 வரை செல்லும் என்றார்கள். கடைசியில் 2011 ஏப்ரல் 15 அன்று காசாசியோன் நீதிமன்றம் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையைக் காட்டி உடனடியாக அமல்படுத்தியது. அதனால்தான் அனுபவமுள்ள பிரெஞ்சு வக்கீல் கியூ-பே-சேயோடு ஐரோப்பிய உடன்படிக்கை வாதத்தையும் அதே வழக்கில் தனியாக வைத்திருப்பார்.

ஒன்பது உறுப்பினர்களுக்கும் சட்டப் படிப்பு கட்டாயம் இல்லை, முன்னாள் குடியரசுத் தலைவர்களுக்கு உரிமையாகவே இடம் உண்டு என்பது தனிக் கதை. நீதிமன்றம் என்று கூப்பிடக் கூசும் அமைப்பு அது.

இலங்கையில் எல்லாம் தலைகீழ். அங்கே உயர் நீதிமன்றம் என்பது நாட்டின் தலைமை நீதிமன்றம். இந்திய வாசகர்கள் உச்ச நீதிமன்றம் என்று வைத்துக்கொள்ளலாம். அரசமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி அடிப்படை உரிமை மீறல் மனுவை அது மட்டுமே விசாரிக்கும். விசாரிப்பது நிறைவேற்று (அதாவது அரசாங்கத்தின்) அல்லது நிர்வாக நடவடிக்கையை மட்டும். முதியவரின் ஓய்வூதியத்தைத் திணைக்கள அதிகாரி பாகுபாட்டோடு மறுத்தால் மனு நிற்கும். நீதிபதியின் தீர்ப்பு உரிமையை மீறியது என்றால் நிற்காது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டமே பாகுபாடு என்றாலும் நிற்காது. 80(3) உறுப்புரை அந்தக் கதவில் ஆணி அடித்துவிட்டது: சபாநாயகர் சான்றளித்த சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் எக்காரணத்தாலும் கேட்க முடியாது. 1978க்கு முந்திய சட்டங்களுக்கு 16ஆம் உறுப்புரை காவல். அடிப்படை உரிமைக்கு முரணாக இருந்தாலும் அவை செல்லும். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவையை இன்று அடிப்படை உரிமை என்று சொல்லி உடைக்க முடியாததற்கு இதுவே காரணம்.

சட்டத்தைத் தாக்க ஒரே நேரம், அது இன்னும் சட்டமூலமாக, அதாவது மசோதாவாக, இருக்கும்போதுதான். நாடாளுமன்ற நிகழ்ச்சி நிரலான ஒழுங்குப் பத்திரத்தில் ஏறியதும் 121ஆம் உறுப்புரை தரும் குறுகிய கெடுவுக்குள் எந்தக் குடிமகனும் மனு போடலாம். ஆக, வர்த்தமானி எனும் அரசிதழைத் தினமும் பார்க்கும் அமைப்புகளுக்கும் கொழும்பு வக்கீல்களுக்கும் உள்ள வசதி இது. அந்தச் சட்டத்தால் நாலு வருடம் கழித்து அடிபடப்போகும் ஆளுக்கு அல்ல. நாடாளுமன்றத்தில் குழுநிலை விவாதத்தின்போது புகுத்தப்படும் திருத்தங்கள் இந்த வலையில் விழுவதும் இல்லை. இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் முழுமையாகச் சேர்க்கப்படவில்லை என்று 2024இல் எம்.ஏ. சுமந்திரன் கொண்டுபோன மனுவும் சபாநாயகரின் சான்றிதழைத் தாண்ட முடியாமல் விழுந்தது.

அடிப்படை உரிமை மனுவின் நடைமுறை விஷயங்கள்: கெடு ஒரு மாதம். தடுத்துவைக்கப்பட்டிருந்தவர் போன்றோருக்கு நீதிமன்றம் இறங்கி வந்ததுண்டு, ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். 1996இன் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு ஒரு மூச்சு விடும் இடம் தருகிறது. அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நிலுவையில் உள்ள காலம் கெடுவில் சேராது. ஆனால் முத்திரை குத்திய முறைப்பாட்டுப் பிரதியை மட்டும் இணைத்தால் போதும் என்ற காலம் போய்விட்டது. ஆணைக்குழு உண்மையில் விசாரித்துக்கொண்டிருந்தது என்பதற்குக் கடிதம், அழைப்பாணை, தேதி வேண்டும். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருப்பவரும் புதுக்கடை நீதிமன்ற வளாகத்துக்குத்தான் வர வேண்டும். இந்த மனுவுக்கு மாகாண மட்டத்தில் இடம் இல்லை. முதலில் தொடர அனுமதி கிடைக்க வேண்டும், அதன் பிறகே விசாரணை. 2 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று உறுப்புரையில் எழுதியிருக்கிறது; அதை வழிகாட்டல் என்று படித்து நீதிமன்றம் வருடக்கணக்கில் இழுக்கும்.

இத்தனை குறையோடும், அதிகாரியைத் தட்டிக் கேட்பதில் இந்த நீதிமன்றத்துக்கு நெஞ்சுரம் உண்டு. நாடாளுமன்றத்தைக் கலைத்த 2018 நவம்பர் 9 வர்த்தமானியை எதிர்த்து இரா. சம்பந்தன் முதலானோர் போட்டவையும் அடிப்படை உரிமை மனுக்களே. நவம்பர் 13இல் இடைக்காலத் தடை, டிசம்பர் 13இல் ஏழு நீதியரசர்களின் ஒருமித்த தீர்ப்பு. 2019 ஈஸ்டர் குண்டுத் தாக்குதலைத் தடுக்கத் தவறியது பற்றிய வழக்கில் 2023 ஜனவரி 12 அன்று முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பானது. அவர் அதைத் தவணை தவணையாகக் கட்டினார்.

மூன்றையும் ஒரே கூரையின் கீழ் பார்ப்பது ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹ நகரில் 1951 முதல் இயங்கும் கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றம். சட்டம், அதிகாரியின் ஆணை, தீர்ப்பு எதை எதிர்த்தும் அரசமைப்பு முறையீடு போடலாம். நடைமுறையில் வருபவற்றில் பெரும்பாலானவை தீர்ப்புகளை எதிர்த்தவைதான், ஏனென்றால் கீழ் நீதிமன்றங்களை எல்லாம் முடித்துவிட்டு வா என்பது முதல் விதி. ஹாம்பர்க்கின் எரிக் லூட், நாஜி காலப் பிரசாரப் பட இயக்குநர் ஃபைட் ஹார்லானின் படத்தைப் புறக்கணிக்கச் சொன்னார். தனியார் சட்டப்படி அது தவறு என்று ஹாம்பர்க் நீதிமன்றம் தடுத்தது. அந்தத் தீர்ப்பை எதிர்த்து 1951இல் போன முறையீட்டில் 1958 ஜனவரி 15 அன்றுதான் அவர் ஜெயித்தார். தனியார் வழக்கிலும் நீதிபதி அடிப்படை உரிமையை மறக்கக் கூடாது என்ற கோட்பாடு அங்கிருந்து புறப்பட்டு உலகம் சுற்றியது. ஆறு வருடம் ஆனதை யாரும் நினைவில் வைப்பதில்லை.

கட்டணம் கிடையாது. எழுத்து மூலம் நடக்கும் வரை வக்கீலும் கட்டாயமில்லை. வாய்மொழி விசாரணை வந்தால்தான் தேவை, அது அபூர்வம். நீதிமன்றமே ஒரு வழிகாட்டித் தாள் வெளியிட்டிருக்கிறது, அதைப் படிக்காமல் எழுதத் தொடங்குவது வீண். இவ்வளவு இலவசமாக இருந்தும் ஆண்டுக்கு ஐயாயிரம் அளவில் வரும் முறையீடுகளில் ஜெயிப்பவை நூற்றுக்கு ஒன்றிரண்டு. மற்றவை எங்கே போகின்றன?

முதல் குழி, காலம். முழுத் தீர்ப்பு கைக்கு வந்த நாளிலிருந்து ஒரு மாதம். அந்த ஒரு மாதத்துக்குள் முறையீடு மட்டும் போனால் போதாது. முழுக் காரணங்களும் இணைப்புகளும் போயிருக்க வேண்டும். 'விவரம் பின்னர் தருகிறேன்' என்ற கடிதம் கெடுவைக் காப்பாற்றாது. சட்டத்தையே நேரடியாகத் தாக்கினால் அது அமலுக்கு வந்ததிலிருந்து ஒரு வருடம். சாதாரண மின்னஞ்சல் செல்லாது. தபால், ஃபேக்ஸ், அல்லது 2024 ஆகஸ்டிலிருந்து வந்த பாதுகாப்பான மின்வழி.

இரண்டாவது குழியில் வக்கீல்களே விழுவார்கள். கீழ் நீதிமன்றம் என் வாதத்தைக் கேட்கவே இல்லை என்பது உங்கள் குறைகளில் ஒன்றாக இருந்தால், கார்ல்ஸ்ரூஹவுக்கு வரும் முன் அதே கீழ் நீதிமன்றத்தில் 'கேட்கப்படாமை முறையீடு' போட்டிருக்க வேண்டும். அதற்கு 2 வாரம்தான். போடாமல் வந்தால் அந்த ஒரு குறை மட்டுமல்ல, முறையீடு மொத்தமும் விழக்கூடும். போட்டுவிட்டு அதன் முடிவுக்காகக் காத்திருந்து, அது வெளிப்படையாகவே நிற்காத முறையீடாக இருந்தால், பெரிய கெடு தாண்டிவிட்டது என்பார்கள். அதனால் சந்தேகம் இருந்தால் இரண்டையும் ஒரே சமயத்தில் போட்டு, அரசமைப்பு முறையீட்டை, நீதிபதிகளிடம் இன்னும் போகாத மனுக்களுக்கான பொதுப் பதிவேட்டில் நிறுத்திவைக்கக் கேட்பது வழக்கம்.

மூன்றாவது, எழுதும் விதம். கீழ் நீதிமன்றம் சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டது என்று பக்கம் பக்கமாக எழுதினால் பயன் இல்லை. நாங்கள் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அல்ல என்று அவர்கள் ஓயாமல் சொல்கிறார்கள். எந்த அடிப்படை உரிமை, எந்த வாக்கியத்தால், இந்த நீதிமன்றத்தின் எந்த முன் தீர்ப்புக்கு முரணாக மீறப்பட்டது என்று காட்ட வேண்டும். நம் முதியவர் 'எனக்கு அநியாயம் நடந்தது' என்று நாற்பது பக்கம் எழுதினால், பொதுப் பதிவேட்டில் ஏற்றி, ஏன் இது நிற்காது என்று அலுவலர் ஒரு கடிதம் அனுப்புவார். நீதிபதிகளே பார்க்க வேண்டும் என்று அவர் திரும்ப எழுதினால் அதற்கு உரிமை உண்டு. மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாகத் தள்ளுபடி செய்யும். காரணம் எழுத வேண்டியதில்லை. 'ஏற்கப்படவில்லை' என்ற ஒரு வரிக்காக ஒன்றரை வருடம் காத்திருப்பவர்கள் உண்டு. வம்புக்குப் போட்டது என்று கருதினால் 2,600 யூரோ வரை அபராதமும் உண்டு.

ஆனால் அந்த ஒன்றிரண்டில் ஒருவராக இருந்தால் கிடைப்பது முழுமையானது. தீர்ப்பு ரத்து, வழக்கு திரும்ப விசாரணைக்கு, சட்டமே குற்றம் என்றால் சட்டமும் போகும். எல்லா நீதிமன்றமும் அதிகாரமும் அதற்குக் கட்டுப்படும். பதினாறு நீதிபதிகள், ஒரே தடவை 12 வருடம், மறுநியமனம் கிடையாது என்பதால் யாரையும் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

கொலம்பியா இதற்கு நேர் எதிர் துருவம். சாதாரண ஆளுக்கு உலகில் எந்த நாட்டு அரசமைப்பு நீதி எளிதாக எட்டும் என்று கேட்டால் எங்கள் பதில் அதுதான். 1991 அரசமைப்பின் 86ஆம் பிரிவு தரும் 'துதேலா' மனுவுக்குத் தனி நீதிமன்றம் தேவையில்லை. ஊரில் உள்ள எந்த நீதிபதியிடமும் போகலாம். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை. எழுதத் தெரியாதவர், சிறுவர், அவசரத்தில் இருப்பவர் வாயால் சொன்னாலே நீதிபதி குறித்துக்கொள்வார். 10 நாளில் தீர்ப்பு. தீர்ப்பு உடனே அமல். மேல்முறையீடு போனாலும் நிற்காது. மேல்முறையீட்டுக்கு 3 நாள், அதன் முடிவுக்கு 20 நாள். நாட்டின் எல்லாத் துதேலா தீர்ப்புகளும் தலைநகர் பொகோட்டாவின் அரசமைப்பு நீதிமன்றத்துக்குப் போகும். அவர்கள் விரும்பியதைப் பொறுக்கி எடுத்து மறுபரிசீலனை செய்வார்கள். ஜெர்மனியில் நீதி கிடைக்கும் முன் வரும் சல்லடை, இங்கே கிடைத்த பின் வருகிறது. இரண்டுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இதுவே என்று நினைக்கிறோம்.

மனுவில் மூன்று விஷயம் தவறக் கூடாது. இதே விஷயத்துக்கு வேறு துதேலா போடவில்லை என்ற உறுதிமொழி. அதை மீறி இரண்டு இடத்தில் போட்டால் இரண்டுமே தள்ளுபடி. வேறு சட்ட வழி இருந்தும் அது ஏன் போதாது என்ற விளக்கம். ஓய்வூதிய வழக்கில் வயது, நோய், வேறு வருமானம் இல்லாமை ஆகியவற்றை ஆவணத்தோடு காட்டினால் நீதிபதிகள் இறங்குவார்கள், வெறும் பாக்கித் தொகைக்கு என்றால் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போ என்பார்கள். மூன்றாவது, மருத்துவ வழக்குகளுக்கு உயிர்நாடி: 'முழுமையான சிகிச்சை' என்று கேட்க வேண்டும். ஒரு மருந்தின் பெயரை மட்டும் எழுதிக் கேட்டால் உத்தரவும் அந்த மருந்துக்கு மட்டுமே வரும். அடுத்த மாதம் ஸ்கேனுக்கு இன்னொரு துதேலா.

உத்தரவை மதிக்காவிட்டால் 48 மணி நேரத்தில் நீதிபதி மேலதிகாரியைப் பிடிப்பார். அதற்கும் மசியாவிட்டால் 6 மாதம் வரை காவல், 20 குறைந்தபட்ச மாத ஊதியம் வரை அபராதம். நிறுவனத்தைச் சொன்னால் போதாது, பொறுப்பான அதிகாரியின் பெயரையும் பதவியையும் கண்டுபிடித்து எழுத வேண்டும். ஆள் மாறிவிட்டார் என்ற சாக்கில்தான் பல உத்தரவுகள் காற்றில் போகின்றன.

இதன் விலை? ஆண்டுக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் துதேலாக்கள். சாலை விபத்து வழக்கை விசாரிக்க வேண்டிய நீதிபதி மாத்திரைச் சீட்டு படித்துக்கொண்டிருக்கிறார். சுகாதாரக் காப்பீட்டு நிறுவனங்கள் முதலில் மறுப்பது, துதேலா வந்தால் கொடுப்பது என்று பழகிவிட்டன. 2008இல் அரசமைப்பு நீதிமன்றமே டி-760 தீர்ப்பில் இந்த அமைப்புக் கோளாறைச் சரிசெய்யச் சொன்னது. தீர்ப்புகளை எதிர்த்தும் துதேலா போடலாமா என்பதில் உச்ச நீதிமன்றத்துக்கும் அரசமைப்பு நீதிமன்றத்துக்கும் நடந்த மோதலை அந்த நாட்டில் 'ரயில்கள் மோதல்' என்கிறார்கள். 2005இன் சி-590 தீர்ப்பு நிபந்தனைகளோடு அனுமதித்ததால் இப்போது ஓரளவு ஓய்ந்திருக்கிறது.

அமெரிக்காவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தனி அரசமைப்பு நீதிமன்றம் கிடையாது, எந்த நீதிபதியும் சட்டத்தை ஒதுக்கலாம். 1803இன் மார்பரி வழக்கிலிருந்து அப்படித்தான். கடைசி மாடியான உச்ச நீதிமன்றத்துக்குப் போக நினைத்தால் மட்டும் 90 நாள் கெடு, 300 டாலர், குறிப்பிட்ட அளவுத் தாளில் அச்சிட்ட 40 சிறு புத்தகங்கள், 9,000 சொல் வரம்பு; ஒன்பதில் நான்கு நீதிபதிகள் விரும்பினால் எடுப்பார்கள். பணம் இல்லாதவருக்குத் தளர்வு உண்டு. ஃபுளோரிடா சிறையிலிருந்து கிடியன் பென்சிலால் எழுதியனுப்பிய மனு 1963இல் குற்றம் சாட்டப்பட்ட ஏழைகளுக்கெல்லாம் வக்கீல் வாங்கிக் கொடுத்தது. அது ஒன்றைச் சொல்லியே அறுபது வருடமாக ஓட்டுகிறார்கள்.

தென்னாப்பிரிக்காவின் அரசமைப்பு நீதிமன்றம் ஜோகன்னஸ்பர்க்கில், காந்தி அடைபட்ட பழைய சிறை வளாகத்தில் இருக்கிறது. இடித்த சிறைக் கட்டடத்தின் செங்கற்களை எடுத்துச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். பார்க்கப் போகலாம், மனு எடுத்துப் போவது இன்னொரு விஷயம். நேரடி அணுகல் என்று 18ஆம் விதி இருக்கிறது, கிடைப்பது அரிது. கீழே சாட்சியம் பதிவாகி, தீர்ப்பாகி, அங்கிருந்து 15 நீதிமன்ற வேலை நாளுக்குள் 19ஆம் விதிப்படி அனுமதி கேட்டு வருவதே வழி. 2013இன் பதினேழாம் திருத்தம் அரசமைப்பு அல்லாத பொது முக்கியத்துவ வழக்குகளையும் இதன் தலையில் கட்டியது. பதினொரு பேர், குறைந்தது எட்டுப் பேர் அமர வேண்டும், குழுவாகப் பிரியவும் முடியாது. தீர்ப்புகள் தேங்குவதில் வியப்பில்லை.

இங்கே பாராட்ட வேண்டியது செலவு விதி. 2009இன் பயோவாட்ச் தீர்ப்புக்குப் பிறகு, அரசுக்கு எதிராக உண்மையான அரசமைப்பு வழக்கு நடத்தித் தோற்றவர் அரசின் செலவைக் கட்ட வேண்டியதில்லை. ஜெயித்தால் அரசு இவர் செலவைக் கட்டும். ஏழை வழக்காடிக்கு இதைவிடப் பெரிய சலுகை வேறு நீதிமன்றங்களில் காண்பது கடினம்.

டர்பனில் மூக்குத்தி போட்டுப் பள்ளிக்கு வந்த ஒரு தமிழ் மாணவியின் வழக்கு, சட்ட மாணவர்கள் 'பிள்ளை வழக்கு' என்று படிப்பது, இந்த அமைப்பின் குணத்தைக் காட்டும். சமத்துவ நீதிமன்றத்தில் தோல்வி, உயர் நீதிமன்றத்தில் வெற்றி, பள்ளியும் மாகாணக் கல்வித் துறையும் மேலே போயின. 2007 அக்டோபர் 5இல் தலைமை நீதிபதி லங்கா எழுதிய தீர்ப்பு வந்தபோது அவள் பள்ளியை விட்டுப் போயிருந்தாள். வழக்கு காலாவதி என்று தள்ளாமல், மதம் கட்டாயமாக்காத, பண்பாட்டு வழக்கமாக வந்த மூக்குத்திக்கும் பாதுகாப்பு உண்டு என்று சொல்லி, விதிகளைத் திருத்தப் பள்ளிக்கு உத்தரவிட்டார்கள். கோட்பாட்டில் முழு வெற்றி. அவளுக்கு அல்ல, அடுத்து வரும் மாணவிகளுக்கு.

வீட்டுரிமை கேட்ட குரூட்பூம் வழக்கிலும் 2000இல் அரசின் திட்டம் போதாது என்ற பிரகடனம் வந்தது. மேற்பார்வையைத் தன் கையில் வைத்துக்கொள்ளவில்லை நீதிமன்றம். திருமதி குரூட்பூம் 2008இல் இறக்கும்வரை அவருக்கு முறையான வீடு கிடைக்கவில்லை. ஆகவே இந்த நீதிமன்றத்தில் மனு எழுதுபவர், கால அட்டவணையோடு அரசு திரும்ப வந்து அறிக்கை தர வேண்டும் என்ற கோரிக்கையைத் தனிப் பத்தியாக வைக்க வேண்டும். கேட்காமல் வராது.

கடைசியாக இந்தியா. அரசமைப்பின் 32ஆம் பிரிவு உச்ச நீதிமன்றத்துக்கு நேர் வழி. அதை அரசமைப்பின் இதயமும் ஆன்மாவும் என்றார் அம்பேத்கர். இன்று அந்த வழியில் போனால், உயர் நீதிமன்றத்துக்கு ஏன் போகவில்லை என்பதே முதல் கேள்வியாக இருக்கும். சட்டம், அதிகாரி இரண்டையும் தாக்கலாம். நீதிமன்றத் தீர்ப்பை ரிட் எனும் பேராணை மனுவால் தாக்க முடியாது என்று 1966இன் மிராஜ்கர் தீர்ப்பு மூடிவிட்டது. கெடு என்று எழுதப்படவில்லை, ஆனால் தாமதத்துக்குக் காரணம் கேட்பார்கள். பெரிய வழக்குகளில் தாமதம் நீதிமன்றத்தின் பக்கமே: 2016 நவம்பரின் பணமதிப்பு நீக்கத்துக்குத் தீர்ப்பு 2023 ஜனவரி 2 அன்று, நோட்டுகள் போன பிறகு.

ஓய்வூதிய முதியவருக்கு உயர் நீதிமன்றத்துக்கு வழி தரும் 226ஆம் பிரிவே சரி: சென்னை அல்லது மதுரைக் கிளை. அடிப்படை உரிமை மட்டுமல்ல, எந்தச் சட்ட உரிமைக்கும் அது செல்லும். மனு போடும் முன் துறைக்கு எழுத்து மூலம் கோரிக்கை கொடுத்து, ஒப்புகை அட்டையை வைத்திருக்க வேண்டும். கேட்டும் மறுத்தார்கள் என்பது இல்லாமல் செயலுறுத்தும் பேராணை வராது. மனு திரும்புவது பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்களுக்கு: எதிர்மனுதாரரின் பதவிப் பெயர் பிழை, தட்டச்சுப் பிரதியில் தெளிவின்மை, இணைப்பில் மொழிபெயர்ப்பு இல்லாமை. நம்பர் ஆகாத, அதாவது நீதிமன்ற அலுவலகம் வழக்கு எண் கொடுக்காத மனு விசாரணைப் பட்டியலுக்கே வராது என்பதால் வக்கீலின் குமாஸ்தாவிடம் வாரம் ஒரு தடவை கேட்பது நல்லது.

அதிகம் கிடைக்கும் உத்தரவு, 'மனுதாரரின் கோரிக்கையைத் தகுதியின்படி பரிசீலித்து 12 வாரத்துக்குள் முடிவெடுக்கவும்' என்பது. ஜெயித்தது போல இருக்கும். பரிசீலித்து மறுத்தாலும் உத்தரவை நிறைவேற்றியதாகவே கணக்கு. மறுபடி ஒரு ரிட் போட வேண்டும். அதனால் கோரிக்கைப் பகுதியில் 'பரிசீலிக்க' என்று மட்டும் எழுத விடாதீர்கள், மறுப்பாணையை ரத்து செய்து தொகையை வழங்க உத்தரவிடுமாறு கேட்கச் சொல்லுங்கள். கெடு முடிந்தும் துறை அசையாவிட்டால், 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி அங்கிருந்து ஓராண்டுக்குள் அவமதிப்பு மனு போட்டாக வேண்டும். அதற்கு உத்தரவின் சான்றிட்ட நகலைத் துறைக்கு அனுப்பிச் சேர்த்த தேதி வேண்டும். தீர்ப்பு வந்த வாரத்திலேயே விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பிவிடுங்கள்.